பதினைந்தாவது டியூப்

ஸ்பிரிட் காய்வதற்கு முப்பது எண்ண வேண்டும். கொசு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். கொத்தனாரின் வலது புறங்கையில் பஞ்சு பட்ட இடம் இன்னும் ஈரமாகப் பளபளத்தது. வாயால் ஊதினால் சீக்கிரம் காயும், ஆனால் வாயில் இருக்கிற கிருமியெல்லாம் அங்கே போய் உட்காரும். ஈரத்தோடு குத்தினாலோ ஊசியோடு ஸ்பிரிட்டும் உள்ளே போய் ரத்தத்தை உடைத்துவிடும். அதனால் முப்பது. பன்னிரண்டு, பதின்மூன்று.

“என்ன, மந்திரமா?” என்றார் கொத்தனார்.

“பேசாதீங்கண்ணே. எண்ணிக்கை தப்பிடும்.”

“எண்ணிப் பார்த்துக் கடிக்கற கொசுவை நான் இங்கதான் பார்க்கறேன்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போர்வைக்குள்ளிருந்தே சிரித்தார். கொசு என்ற பெயர் கொத்தனார் வைத்ததுதான். விடியும்போது வருகிறாள், காதுக்குப் பக்கத்தில் ஏதோ முணுமுணுக்கிறாள், ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறாள், வேறு என்ன பெயர் வைப்பது என்று அவர் முதல் வாரமே கேட்டார். ஆறாவது மாடி முழுக்க அது ஒட்டிக்கொண்டது. இப்போது வார்டு சிஸ்டரே, “கொசு, பதினேழாம் நம்பர் கட்டிலை விட்டுட்டே” என்றுதான் கூப்பிடுகிறார். ஊரில் இருக்கும் அக்காவுக்கு இதைப் போனில் பேசி அனுப்பியபோது அக்காவும் பதிலுக்குப் பேசி அனுப்பினாள். “கடல் தாண்டிப் போயும் உனக்கு நல்ல பேர்தான்டி கிடைச்சிருக்கு.”

கொத்தனாரின் இடது கையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அது மெஷினுக்கு எழுதிவைத்த கை. சிறுநீரகம் நின்றுபோனதிலிருந்து அவருடைய ரத்தத்தை அந்தக் கை வழியாகத்தான் வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். அதில் வேறு ஊசி படக் கூடாது. மிச்சம் வலது கை. அதிலும் முழங்கை நரம்பெல்லாம் குத்திக் குத்திக் கயிறாகிவிட்டது. புறங்கையில் மட்டும் நூல் போல இரண்டு ஓடின. அவருடைய மனைவி விடியற்காலையிலேயே எழுந்து, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அந்தக் கைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சூடு பட்டால் நரம்பு கொஞ்சம் தலையைத் தூக்கும். கொசு சொல்லிக்கொடுத்ததுதான்.

முப்பது.

ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டினாள். “கையை மூடி மூடித் திறக்காதீங்க. சும்மா வைங்க.” இறக்கை வைத்த சின்ன ஊசி தோலுக்குள் போனது. ரத்தம் தெரிந்த உடனே பட்டையைத் தளர்த்தினாள். மஞ்சள் மூடி டியூபுக்குள் ரத்தம் சொட்டாக, பிறகு கோடாக இறங்கியது. அவசரமே காட்டவில்லை அவள். கோடு வரைந்த இடம்வரை நிறைந்ததும் டியூபைக் கழற்றி, தூங்குகிற பிள்ளையைத் திருப்பிப் போடுகிற மாதிரி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்தினாள். குலுக்கவில்லை. குலுக்கினாலும் உடையும்.

“இன்னைக்காவது உடையாம போகுமா?” என்றாள் கொத்தனார் மனைவி.

“போகும் அண்ணி.”

“பத்து மணிக்குள்ள நம்பர் வரணும்டி. அன்னைக்கே கேட்டுட்டாரு அந்த டாக்டர். நம்பர் எங்கேன்னு.”

மெஷின் மூன்றுதான். நிரந்தர முறை கிடைத்தவர்கள் போக, திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இரண்டு இடம் மிஞ்சும். காத்திருப்பவர்கள் ஒன்பது பேர். யாருடைய ரத்தத்தில் உப்பு அதிகமோ அவர்களுக்கு அந்த இடம். காலையில் எடுத்த ரத்தத்தின் எண் பத்து மணிக்குள் டாக்டர் மேஜைக்கு வர வேண்டும். எண் வராதவர் பட்டியலில் இல்லை. டாக்டர் பேசிய உப்புக்குப் பெரிய பெயர் உண்டு; வார்டில் எல்லோரும் உப்பு என்றே சொன்னார்கள். ரத்தம் உடைந்துவிட்டால் செல்லுக்குள் இருக்கிற உப்பும் வெளியே கொட்டிக் கணக்கே பொய்யாகிவிடும். லேப் அதைச் சோதிக்காது. கெட்டது என்று எழுதித் தள்ளிவிடும்.

வார்டின் கடைசியில், சிஸ்டர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் பைப்பின் வாய் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் ரிப்பன் வெட்டித் திறந்த காற்றுப் பைப்பு. டியூபுகளை ஒரு பிளாஸ்டிக் குண்டுக்குள் அடுக்கி, மூடித் திருகி, வாய்க்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினால், காற்று அதை உறிஞ்சிக் கீழே லேபில் கொண்டுபோய்த் துப்பும். நாற்பது நொடி. அதற்கு முன்னால் ரத்தப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிய நான்கு பேரும் ரிப்பன் வெட்டிய மறுவாரம் வரவில்லை.

பைப்புக்கு மேலே ஒரு போஸ்டர். ‘ரத்த மாதிரி கெடாமல் எடுக்கும் முறை’ என்று தலைப்பு. கீழே பத்து விதிகள். நடுவில் பெரிதாக ஒரு கை, கட்டைவிரலும் இரண்டு விரலும் டியூபை நேராகப் பிடித்திருக்கும் படம். அந்தக் கட்டைவிரலின் அடியில் அரிசி அளவு ஒரு தீக்காயத் தழும்பு. கொசுவின் கைதான் அது. நான்கு மாதத்துக்கு முன்னால், ரத்தம் எடுக்கும் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணின் கைதான் சுத்தம் என்று தர மேடம் தேர்ந்தெடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். மருத்துவமனையில் எது தரமாக நடக்கிறது, எது நடக்கவில்லை என்று எழுதுவது அந்த மேடத்தின் வேலை. அதனால் தர மேடம். போஸ்டரைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பியபோது, “மூஞ்சியைக் காணோமே?” என்று அக்கா கேட்டாள். “மூஞ்சிக்கு இங்க வேலை இல்லக்கா.”

பத்தாவது விதி: உடனே பைப்பில் அனுப்பவும்.

கொசு குண்டைத் திறந்தாள். உள்ளே பஞ்சு மெத்தை பாதி பிய்ந்து போய் ஓரத்தில் கொஞ்சம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் அவள் டியூபைச் சுற்றிப் பஞ்சு வைத்து அனுப்பிப் பார்த்தாள். ‘வேறு பொருள் வைக்கக் கூடாது’ என்று கீழேயிருந்து சீட்டு வந்தது. மூடினாள், திருகினாள், அழுத்தினாள். உஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டு சுவருக்குள் கடகடத்து இறங்கிப் போயிற்று.

ஒன்பதே காலுக்கு வார்டு போன் அடித்தது. சிஸ்டர் கேட்டுவிட்டு, கொசுவைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

லேப் வாசலில் ஒரு பலகை உண்டு. ரத்தம் எடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். கெட்டுப்போன ஒவ்வொரு டியூபுக்கும் ஒரு சிவப்புப் பொட்டு. மாதத்தில் பதினைந்து பொட்டு விழுந்தால் ஆளை ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜென்சி ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஒன்றாம் தேதி பலகையை அழிப்பார்கள். கொசுவின் கட்டத்தில் அந்தத் திங்கட்கிழமை பதின்மூன்றாவது பொட்டு. மாதம் முடிய வெள்ளிக்கிழமைவரை இருந்தது.

கீழ் மாடியில் ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு இரண்டே பொட்டு. அவள் ஸ்பிரிட் காயவே விடமாட்டாள்.

மத்தியானம் கொத்தனார் கட்டிலுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனாள். அவருடைய முகம் மாவு பிசைந்து வைத்த மாதிரி ஊதியிருந்தது. தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும்.

“உடைஞ்சிடுச்சாக்கும்?”

“நான் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன் அண்ணே. சத்தியமா.”

“நீ சரியாத்தான் செய்யறே. தினம் பார்க்கறேனே.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “ஒண்ணு கேட்கறேன். செங்கல் இருக்கு. சூளையில நல்லாத்தான் வெந்திருக்கும். லாரியில இருந்து கொட்டினா நாலுல ஒண்ணு உடையும். கை மாத்திக் கை எறக்கினா ஒண்ணு உடையாது. அதே செங்கல்தான். உன்னோடதைக் கொட்டறாங்களா, எறக்கறாங்களா?”

“சும்மா இருங்க. ரத்தமும் செங்கலும் ஒண்ணா?” என்றாள் அவர் மனைவி.

“எனக்குத் தெரிஞ்சது செங்கல்தானே. தெரிஞ்சதை வெச்சுத்தான் பேச முடியும்.”

மறுநாள் கொசு தன் டீ நேரத்தில் லேபுக்கு இறங்கினாள். பைப்பு முடிகிற இடத்தில் ஒரு கம்பிக் கூடை. பக்கத்தில் லேப் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து டியூபுகளுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். சுவருக்குள் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடியிலிருந்து வந்த குண்டு ‘தொப்’பென்று விழுந்தது. அடுத்து நான்காவது மாடி, ‘டொக்’. பிறகு மேலேயிருந்து ஒரு இரைச்சல் கிளம்பிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ‘டமார்’ என்று குண்டு கூடையை அடித்துத் துள்ளிப் புரண்டது. லேப் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஆறாவது மாடி” என்றார்.

“அண்ணே, இது உங்களுக்குத் தெரியுமா?”

“காது இருக்கே.”

“அப்புறம் ஏன்ணே என் பேருக்கு நேரா பொட்டு வைக்கறீங்க?”

அவர் ஒட்டிக்கொண்டிருந்த சீட்டைச் சரியாக ஒட்டி முடித்தார். “மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். கீழே வந்து நிக்கறப்போ வேகத்தைக் குறைக்க ஒரு காத்துத் தடுப்பு உண்டு, அது வேலை செய்யலைன்னு. பைப்புக்காரங்க வந்தாங்க. வெறும் குண்டை விட்டுப் பார்த்தாங்க. நல்லாத்தான் வந்துச்சுன்னு எழுதிட்டு, டீ குடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

“வெறும் குண்டையா?”

“வெறும் குண்டு உடையாதே. அதுக்கு என்ன.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நாலாவது தடவை எழுதினா, லேபுக்கே ஆள் மாத்திடலாம்னு மேடம் சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க. எனக்கும் ஒப்பந்தம்தான்மா.”

கொசு கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “ஒரே கையில ரெண்டு டியூப் எடுக்கறேன். ஒண்ணு பைப்புல. ஒண்ணு நானே கையில கொண்டு வர்றேன். ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினா குருடனுக்குக்கூடப் புரியும்ல?”

“காட்டு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே.”

புதன்கிழமை காலை முப்பத்தொரு கட்டிலை முடித்துவிட்டுக் கடைசியாகக் கொத்தனாரிடம் வந்தாள். முப்பது எண்ணினாள். இரண்டு டியூப் எடுத்தாள். “என்ன, இன்னைக்கு விருந்தா?” என்றார் அவர். “ஒண்ணு கொட்டறதுக்கு, ஒண்ணு எறக்கறதுக்கு” என்று அவள் காதோடு சொன்னாள். அவருடைய ஊதிய முகத்தில் கண் இரண்டும் சிரித்தன.

ஒன்றைக் குண்டில் வைத்து அனுப்பினாள். மற்றதை உள்ளங்கையில் நிமிர்த்திப் பிடித்து, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். டீ நேரம் தவிர, வேலை முடியும் முன் மாடியை விட்டு இறங்கக் கூடாது. சிஸ்டர் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிய சமயத்தில் படிக் கதவைத் தள்ளினாள். ஓடவில்லை. ஓடினாலும் குலுங்கும். நிறைகுடத்தைச் சுமக்கிறவள் மாதிரி நூற்று இருபத்தெட்டுப் படியையும் ஒவ்வொன்றாக இறங்கினாள். டியூபின் சூடு உள்ளங்கையில் தெரிந்தது.

ரத்தம் உறைய அரைமணி. சுழற்றும் மெஷினில் பத்து நிமிடம். லேப் அண்ணன் இரண்டு டியூபையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சுழன்று நின்றதும் சிவப்பெல்லாம் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். கையில் வந்த டியூபில் அந்த நீர் வெளிறிய மஞ்சள். பைப்பில் வந்ததில் சிவப்பு.

கொசு சிவப்பு டியூபைச் சுட்டிக் காட்டினாள். “பார்த்தீங்களா? பார்த்தீங்களா அண்ணே?”

“ம்.”

கையில் வந்த டியூபின் எண் ஒன்பதே முக்காலுக்கு மேலே டாக்டர் மேஜைக்குப் போனது. ஆறு புள்ளி எட்டு. பட்டியலில் கொத்தனார் இரண்டாவது. பதினோரு மணிக்கு அவரை மெஷினுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டியிலிருந்தபடியே கையைத் தூக்கி, “எறக்கிட்டாடா கொசு!” என்றார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகத்தில் தாடை எலும்பு தெரிந்தது. ஒரே தலையணையில் படுத்துக் குறட்டைவிட்டுத் தூங்கினார். அவர் மனைவி தன் ரொட்டியில் பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கொசுவின் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை தர மேடம் கூப்பிட்டார். சின்ன அறை, ஜன்னல் இல்லை. மேஜையில் கோப்புகள், ஆறிப்போன காபி. மேடத்துக்குக் கழுத்து வலி. ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். மூலையில் லேப் அண்ணன். மேஜைமேல் இரண்டு டியூபும் தாங்கியில் நின்றன.

“உட்காரும்மா. இந்த ரெண்டும் நீ எடுத்ததுதானே?”

“ஆமா மேடம். ஒரே ஆள், ஒரே கை, ஒரே நிமிஷம். பாருங்க மேடம். பைப்புல வந்தது மட்டும்...”

“இரு. நானே கேட்கறேன். ஒரே ஆள். ஒரே கை. ஒரே நிமிஷம்.” ஒவ்வொன்றுக்கும் பேனாவால் மேஜையைத் தட்டினார். “ஒண்ணு நல்லா இருக்கு. ஒண்ணு கெட்டிருக்கு. அப்போ எடுக்கறவ கை ஒரே மாதிரி நிக்கலைன்னுதானே அர்த்தம்?”

கொசுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் லேப் அண்ணனைப் பார்த்தாள். அவர் தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மேடம், அது கையில கொண்டு வந்தது. இது பைப்புல...”

“அதுவும் ஒரு விஷயம். வேலை நேரத்துல மாடியை விட்டு இறங்கியிருக்கே. ஒரு ஆளுக்கு ரெண்டு டியூப் செலவு பண்ணியிருக்கே. எழுதணும்னா இதையும் நான் எழுதணும்.” மேடத்தின் குரலில் கோபம் இல்லை. ஒரு படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். “இங்க பாரு. கெட்டதுக்குக் காரணம்னு மூணு கட்டம் இருக்கு. எடுத்தவர் தவறு. சீட்டு ஒட்டினவர் தவறு. அளவு குறைவு. இதுல பைப்பு எங்கே இருக்கு, சொல்லு? இல்லாத கட்டத்துல நான் எப்படிம்மா டிக் அடிக்கறது?”

முதல் கட்டத்தில் அடித்தார். பதினான்கு.

“இன்னொரு தடவை கீழே கொண்டு வந்தேன்னா, பொட்டு எண்ணவே வேண்டாம். அன்னைக்கே அனுப்பிடுவாங்க. சிஸ்டர்கிட்டயும் சொல்லியிருக்கேன். நாளைக்கு ஒரு நாள்தானே? கவனமா எடு. நீ நல்லா எடுக்கற பொண்ணு. உன் கையைத்தானே போஸ்டர்ல போட்டோம்?”

வெளியே வந்ததும் லேப் அண்ணன் பின்னாலேயே வந்தார். “மன்னிச்சிடும்மா” என்று சொல்ல வந்தாரோ என்னவோ, “டீ குடிக்கிறியா?” என்று கேட்டார். அவள் படியேறினாள்.

அன்று சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணிக்கொடிக்குக் கீழே நின்று அக்காவுக்குப் பேசிப் பதிவு செய்தாள். “அக்கா, இங்க ஒரு சிக்கல்...” அழித்தாள். “அக்கா, நான் நல்லா இருக்கேன். ஒண்ணுமில்ல...” அதில் குரல் நடுங்கியது. அழித்தாள். அதற்குள் அக்காவிடமிருந்தே ஒன்று வந்து விழுந்தது. “ஏய், அம்மா கண்ணுக்கு அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி கொடுத்துட்டாங்க. ரெண்டு கண்ணும் பண்ணிடலாமாம். அம்மா பயப்படுது. எம் பொண்ணு ஆஸ்பத்திரியிலதானே இருக்கா, எனக்கென்ன பயம்னு வெளிய சொல்லிக்குது. நீ இருக்கற தைரியம்தான்டி எங்களுக்கு.” பின்னால் அக்காவின் பிள்ளைகள், “சித்தி! சித்தி!” என்று கத்துவது கேட்டது.

கொசு மறுபடி பதிவுப் பொத்தானை அழுத்தினாள். “சரிக்கா. அம்மாவைப் பயப்பட வேண்டாம்னு சொல்லு.” அதை அனுப்பினாள்.

படுத்தபின் கணக்குப் போட்டாள். ஆறாவது மாடியிலிருந்து போகிற எல்லா டியூபும் உடைவதில்லை. முப்பத்திரண்டில் ஒன்றுகூட உடையாத நாளும் உண்டு. புறங்கையின் மெல்லிய நரம்பிலிருந்து எடுப்பதுதான் சட்டென்று உடையும். அதிலும் மூன்றில் ஒன்று. மூன்றில் இரண்டு நல்லபடியாகப் போகும். நாளைக்கு ஒரு நாள். சனிக்கிழமை பலகையை அழித்துவிடுவார்கள். மூன்றில் இரண்டு.

வெள்ளிக்கிழமை வெந்நீர்த் துண்டு கொத்தனார் கைமேல் தயாராக இருந்தது. இரண்டு நாளில் முகம் மறுபடி உப்பத் தொடங்கியிருந்தது. ஆனாலும் தெம்பாக இருந்தார்.

“வாடியம்மா கொசு. இன்னைக்கு எத்தனை டியூப்?”

“ஒண்ணுதான் அண்ணே.”

“எறக்கறதுதானே?”

சிஸ்டர் நான்கு கட்டில் தள்ளி நின்று சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகிற கை நின்றிருந்தது.

“ஆமா அண்ணே” என்றாள் கொசு. “எறக்கறதுதான்.”

ஸ்பிரிட் தடவினாள். முப்பதுக்கு நாற்பதாக எண்ணினாள். பட்டையைக் கட்டினாள், ரத்தம் தெரிந்ததும் தளர்த்தினாள். கோடுவரை நிறையக் காத்திருந்தாள். ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்தினாள். போஸ்டரில் இருந்த எதையும் விடவில்லை. பைப்புக்கு நடந்தபோது கொத்தனார் கட்டிலிலிருந்து பைப்பின் வாய் தெரியாதபடி முதுகைத் திருப்பி நின்றுகொண்டாள். குண்டின் ஓரத்தில் மிஞ்சியிருந்த பஞ்சு மெத்தையோடு டியூபை அணைத்து வைத்தாள். திருகினாள். பொத்தானுக்குப் போன விரல் நின்றது.

“என்ன யோசனை? நேரமாகுது” என்றார் சிஸ்டர், பின்னாலிருந்து.

அழுத்தினாள்.

ஒன்பதே காலுக்குப் போன் அடிக்கவில்லை. ஒன்பதரைக்கும் இல்லை. கொசு ஊசிப் பெட்டியைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். ஒன்பது நாற்பதுக்கு அடித்தது. சிஸ்டர் கேட்டார். “பதினேழாம் நம்பரா? ம். ம். திரும்ப எடுக்கச் சொல்றேன்” என்று வைத்தார். அவர் கொசுவின் முகத்தைப் பார்க்கவில்லை. “போ, போய் எடு. விதி இருக்கு, எடுத்துத்தான் ஆகணும்.”

பத்துக்கு இருபது நிமிடம். உறையவே அரைமணி.

கட்டிலுக்குப் போனாள். கொத்தனார் மனைவி துண்டையும் பாட்டிலையும் பார்த்தாள், கொசுவின் கையில் இருந்த புது ஊசியைப் பார்த்தாள். எழுந்து, ஆறிய பாட்டிலை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். கொத்தனார் தானே கையை நீட்டினார். காலையில் குத்திய இடத்தில் நீலம் பாரித்திருந்தது. அதற்குப் பக்கத்து நரம்பில் பஞ்சைத் தடவினாள். உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

“கொட்டிட்டியா?” என்றார் அவர். மெதுவாக, யாருக்கும் கேட்காமல்.

ஐந்து, ஆறு. ஏழு. எட்டுக்குப் பிறகு என்ன என்று அவளுக்கு வரவில்லை. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

“சரி விடு. நான் சும்மா கேட்டேன். எண்ணு, எண்ணு” என்றார் கொத்தனார்.

பத்து மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு பெயர். அவருடையது இல்லை. அடுத்தது திங்கள்.

சனிக்கிழமை காலை அவள் ஆறாவது மாடிக்கு வந்தது, ரப்பர் பட்டை இரண்டு, கோட்டு ஒன்று, அடையாள அட்டை ஒன்று ஒப்படைத்துக் கையெழுத்துப் போட. லேப் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. பலகையை ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். எல்லாக் கட்டமும் வெள்ளையாக இருந்தது. அவளுடைய கட்டத்தில் வேறொரு பெயர் எழுதியிருந்தது.

வார்டில் புதிய பெண் வேலையைத் தொடங்கியிருந்தாள். அவளும் வெளியூர்தான், தோளில் கோட்டு ஒரு அளவு பெரிதாகத் தொங்கியது. கொத்தனார் நான்கு தலையணைமேல் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெந்நீர்த் துண்டை எடுத்துவிட்டு அவருடைய கையை அந்தப் பெண்ணிடம் தூக்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் ஸ்பிரிட் தடவிவிட்டுக் காத்திருந்தாள். அவளுடைய உதடும் அசைந்தது.

அவர் அவளுக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

சிஸ்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது புதிய பெண் டியூபோடு பைப்புப் பக்கம் வந்தாள். கொசுவைப் பார்த்து, யாரோ நோயாளியின் சொந்தக்காரர் என்று நினைத்து லேசாகச் சிரித்தாள். போஸ்டரை அண்ணாந்து பார்த்தாள். படத்தில் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தன் கட்டைவிரலை நகர்த்தி வைத்தாள். ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள்.

“இந்தப் படத்துல இருக்கற மாதிரியே பிடிச்சா ஒண்ணும் ஆகாதாம், மேடம் சொன்னாங்க” என்றாள் சிஸ்டரிடம். “சரியாப் பிடிச்சிருக்கேனா?”

“சரியாத்தான் இருக்கு. அனுப்பு” என்றார் சிஸ்டர், தலையைத் தூக்காமல்.

அவள் டியூபைக் குண்டுக்குள் வைத்து மூடினாள். பொத்தானை அழுத்தினாள். காற்று உறிஞ்சிக்கொண்டது. சுவருக்குள் இரைச்சல் ஐந்தாவது மாடி, நான்காவது மாடி என்று வேகம் பிடித்துக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பைப்பின் வாய்க்கு மேலே, தழும்பு விழுந்த கட்டைவிரல் ஒன்று டியூபை அசையாமல் நேராகப் பிடித்திருந்தது.